கைரவான்: மழைநீரையும் மார்க்கக் கல்வியையும் சேமித்த நகரம்

 

பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தவர்களின் முடிவு எவ்வாறு இருந்தது என்பதைப் பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. ஓர் ஊரின் கட்டிடங்களைக் கண்டு வியந்துவிட்டுத் திரும்புவதால் மட்டும் அந்தக் கட்டளை நிறைவேறிவிடாது. அந்த ஊர் எதனால் வாழ்ந்தது, எதனால் தாழ்ந்தது என்று சிந்தித்து, அதிலிருந்து நம் வீட்டுக்கும் நம் மஹல்லாவுக்கும் உரிய படிப்பினையைப் பெற்றுக்கொள்ளும்போதுதான் அந்தப் பயணம் இபாதத்தாக ஆகிறது. அத்தகைய ஒரு பயணத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நாம் செல்லவிருப்பது வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியா நாட்டில் உள்ள கைரவான் மாநகரம்.

ஆறும் இல்லை, துறைமுகமும் இல்லை

துனிஸ் தலைநகரிலிருந்து தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் சென்றால் கைரவானை அடையலாம். வழியில் ஒலிவத் தோப்புகள் வரும்; பாதாமும் சர்க்கரைப் பாதாமியும் மிளகாயும் விளையும் நிலங்கள் வரும். அவற்றைக் கடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரங்கள் அரிதான சமவெளி. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழையே அங்கே பெய்கிறது. அதுவும் ஒழுங்காகப் பெய்வதில்லை. சில ஆண்டுகள் வானம் பொய்த்துவிடும்; சில ஆண்டுகளில் மேற்கு மலைகளிலிருந்து மர்கலீல், ஸரூத் என்னும் காட்டாறுகள் பொங்கி வந்து வயல்களை அடித்துச் சென்றுவிடும். 1969ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அப்படி வந்த பெருவெள்ளத்தை அப்பகுதி மக்கள் இன்றும் மறக்கவில்லை.

இத்தகைய இடத்தில் ஏன் ஒரு நகரத்தை அமைத்தார்கள்? ஹிஜ்ரி 50இல் (கி.பி. 670) தளபதி உக்பா பின் நாஃபிஃ (ரஹ்) அவர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று மத்தியதரைக் கடலில் பைஸாந்தியரின் கப்பற்படை வலிமையோடு இருந்தது. கடலோரத்தில் ஊர் அமைத்தால் ஒரே இரவில் அழிக்கப்படும் அபாயம் இருந்தது. எனவே கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி, ஒட்டகங்கள் மேயும் புல்வெளிக்கு அருகே ஊரை அமைத்தார்கள். அந்த இடம் அடர்ந்த புதர்க்காடாக இருந்தது என்றும், உக்பா (ரஹ்) அவர்கள் துஆச் செய்து, தம்மோடிருந்த நபித்தோழர்களை முன்னிறுத்தி அறிவிப்புச் செய்ததும் காட்டு விலங்குகள் தம் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வெளியேறின என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளார்கள்.

ஊரின் தொடக்கம் எளிதாக இருக்கவில்லை. ஹிஜ்ரி 55இல் உக்பா (ரஹ்) பதவியிலிருந்து மாற்றப்பட்டார்கள். அடுத்து வந்தவர் வேறோர் இடத்தில் குடியிருப்பை அமைத்தார். ஹிஜ்ரி 62இல் மீண்டும் பொறுப்பேற்ற உக்பா (ரஹ்) அவர்கள் மக்களைக் கைரவானுக்கே திரும்ப அழைத்து வந்தார்கள். மறு ஆண்டே, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தஹூதா என்னுமிடத்தில் ஷஹீதாக்கப்பட்டார்கள். அவர்கள் ஊன்றிய பள்ளிவாசல் மட்டும் பலமுறை புதுப்பிக்கப்பட்டு இன்றளவும் தொழுகையாளிகளைக் கொண்டு நிறைந்திருக்கிறது.

மழைத்துளிக்கும் கணக்கு உண்டு

அந்தப் பெரிய பள்ளிவாசலுக்குள் நுழைவோம். இன்று நாம் காணும் தோற்றம் பெரும்பாலும் ஹிஜ்ரி 221இல் (கி.பி. 836) அஃக்லபிய ஆட்சியாளர் முதலாம் ஸியாதத்துல்லாஹ் எழுப்பியது. கம்பீரமான மினாரா சுமார் 31 மீட்டர் உயரம் கொண்டது. உலகில் இன்று நிற்கும் மிகப் பழைமையான மினாராக்களில் ஒன்று. தொழும் கூடத்தில் வரிசை வரிசையாக நிற்கும் தூண்கள் பெரும்பாலும் ரோமர், பைஸாந்தியர் காலத்து இடிபாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மிஹ்ராபைச் சுற்றிப் பளபளக்கும் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அருகே உள்ள மிம்பர் 11 படிகளைக் கொண்டது. 300க்கும் மேற்பட்ட செதுக்கிய மரத்துண்டுகளால் ஆனது. உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிம்பர்களில் இதுவே மிகப் பழையது. அது தேக்கு மரம். ஆப்பிரிக்காவின் அந்தப் பகுதியில் தேக்கு விளைவதில்லை. அது நம் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் உரிய மரம். நம் பக்கத்துக் காடுகளின் மரம் கடல் கடந்து, பாலைவனம் கடந்து அங்கே ஜும்ஆ மேடையாக ஆகியிருக்கிறது!

ஆனால் வாசகர்களே, நீங்கள் அந்தப் பள்ளிவாசலின் முற்றத்தில் சற்று நேரம் தலையைக் குனிந்து தரையைப் பாருங்கள். பளிங்குக் கற்கள் பாவிய அந்த முற்றம் சமதளமாக இல்லை. நாற்புறமிருந்தும் ஓரிடத்தை நோக்கி மெல்லச் சரிந்து செல்கிறது. அங்கே அழகாகச் செதுக்கப்பட்ட ஒரு வடிகால் உண்டு. முற்றத்தில் விழும் மழைநீர் அந்த வடிகாலின் சிறு பள்ளங்களில் தங்கி, தூசும் மண்ணும் படிந்த பிறகு, தெளிந்து நிலத்தடித் தொட்டிக்குள் இறங்குகிறது. அந்த நீரை இறைப்பதற்காக முற்றத்தில் பளிங்குக் கிணற்று வாய்கள் உண்டு. அவற்றின் விளிம்புகளில் ஆழமான பள்ளங்களைக் காண்பீர்கள். உளூச் செய்வதற்காகத் தலைமுறை தலைமுறையாக நீர் இறைத்தவர்களின் கயிறு உராய்ந்து உராய்ந்து ஏற்பட்ட தடங்கள் அவை. அங்கே நீர் இறைத்தவர்களின் பெயரை எந்த வரலாற்று நூலும் எழுதவில்லை. பளிங்கு எழுதி வைத்திருக்கிறது.

மன்னர் கேட்ட ஒரு கோப்பைத் தண்ணீர்

நகர மதிலுக்கு வெளியே வடக்கே சென்றால் இரண்டு பெரிய வட்டக் குளங்களைக் காணலாம். அஃக்லபியக் குளங்கள் என்று அவை அழைக்கப்படுகின்றன. ஆட்சியாளர் அபூ இப்ராஹீம் அஹ்மத் ஹிஜ்ரி 246 முதல் 248 வரை (கி.பி. 860 - 862) அவற்றைக் கட்டினார்.

சிறிய குளத்தின் விட்டம் சுமார் 37 மீட்டர். பெரிய குளத்தின் விட்டம் சுமார் 128 மீட்டர். ஆழம் ஏறத்தாழ 5 மீட்டர். பெரிய குளத்தில் மட்டும் 50,000 கனமீட்டருக்கும் அதிகமான நீரைத் தேக்கலாம். காட்டாற்று நீர் முதலில் சிறிய குளத்திற்கு வரும். அங்கே வேகம் தணிந்து, சேறு அடியில் படியும். மேலே தெளிந்த நீர் மட்டும், உயரமான ஒரு திறப்பின் வழியாகப் பெரிய குளத்திற்குள் பாயும். அங்கிருந்து மூடப்பட்ட தொட்டிகளுக்குச் சென்று மக்களின் குடிநீராகும். மேற்கே சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஷரீஷேரா ஊற்றிலிருந்தும் கால்வாய் அமைத்துப் பிற்காலத்தில் நீர் கொண்டு வந்தார்கள்.

இக்குளம் கட்டிமுடியும் தறுவாயில் அபூ இப்ராஹீம் அஹ்மத் நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் கிடந்தார். குளத்தில் நீர் வந்துவிட்டதா என்று அடிக்கடி கேட்டுக்கொண்டே இருந்தார். நீர் வந்த செய்தி கிடைத்ததும், அதிலிருந்து ஒரு கோப்பை கொண்டுவரச் சொல்லி அருந்தினார். இந்தப் பணி நிறைவேறும் முன் தம் உயிரைக் கைப்பற்றாத அல்லாஹ்வுக்கு நன்றி கூறினார். சிறிது காலத்தில் வஃபாத்தானார் என வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

அதே அஃக்லபிய மன்னர் குலத்தார் ஊருக்கு வெளியே அரண்மனைகளையும் கட்டினார்கள். கைரவானுக்குத் தென்மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், ஹிஜ்ரி 263இல் (கி.பி. 876) இரண்டாம் இப்ராஹீம் ரக்காதா என்னும் அரண்மனை நகரத்தை எழுப்பினார். இன்று அங்கே போய்ப் பாருங்கள். அரண்மனைகள் இருந்த இடத்தில் செங்கல் சிதறல்களும் மண்மேடுகளுமே எஞ்சியுள்ளன. மன்னர்கள் தங்களுக்காகக் கட்டியவை மண்ணாகிவிட்டன. மக்களின் தாகத்துக்காகக் கட்டியவை 1100 ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கின்றன. ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் மரணித்த தம் தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, தண்ணீர் என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அவரும் ஒரு கிணறு தோண்டினார். அந்த நபிமொழியின் விளக்கத்தைக் கைரவானின் வெட்டவெளியில் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஏர் பிடித்த இமாம்

மழைநீரைச் சேர்த்துத் தெளிய வைத்துப் பகிர்ந்தளித்த அதே ஊர், கல்வியையும் அவ்வாறே செய்தது.

ஹிஜ்ரி 160இல் கைரவானில் பிறந்தவர் அப்துஸ் ஸலாம். ஸஹ்னூன் என்ற பெயரால் உலகம் அவரை அறியும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைச் சந்திக்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. வறுமையே தடையாக இருந்ததாக அவரே வருந்தியிருக்கிறார். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. ஹிஜ்ரி 188இல் எகிப்து சென்று, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முதன்மை மாணவரான இப்னுல் காசிம் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டார். அதற்கு முன் கைரவான் அறிஞர் அஸத் பின் ஃபுராத் (ரஹ்) தொகுத்திருந்த சட்டக் கேள்வி பதில்களை அவரிடம் படித்துச் சரிபார்த்தார், திருத்தினார், ஒழுங்குபடுத்தினார். அதுவே 'அல்முதவ்வனா'. வட ஆப்பிரிக்காவும் அந்தலுஸும் மாலிகி மத்ஹபைப் பின்பற்றக் காரணமான பெரும் நூல் அது. சேறு படியத் தெளிந்த நீர் சிறு குளத்திலிருந்து பெருங்குளத்திற்குப் பாய்ந்தது போல, மதீனாவின் கல்வி எகிப்து வழியாகத் தெளிந்து கைரவானில் தேங்கி, மேற்கு நாடுகள் எங்கும் பாய்ந்தது.

இந்த இமாம் ஸஹ்னூன் (ரஹ்) எதை உண்டு வாழ்ந்தார் தெரியுமா? கிராமப்புறத்தில் அவருக்கு நிலமும் ஒலிவ மரங்களும் இருந்தன. அவரே ஏரைத் தோளில் சுமந்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு வயலுக்குச் செல்வார். ஒருநாள் பாடம் கேட்க மாணவர்கள் வந்தபோது, வேலையாள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் தாமே உழப் போவதாகவும், உழுது முடித்ததும் பாடம் நடத்துவதாகவும் கூறினார் என்று அறிஞர்களின் சரித நூல்கள் சொல்கின்றன. தம் கையால் உழுதவருக்கு எந்த ஆட்சியாளருக்கும் வளைந்துகொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஹிஜ்ரி 234இல், 74 வயதில், வற்புறுத்தலுக்குப் பிறகே காழி பதவியை ஏற்றார். மன்னரின் குடும்பத்தார் மீதும் தீர்ப்பு வழங்கும் உரிமை வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அந்தப் பதவிக்காக ஆட்சியாளரிடம் ஊதியம் பெறவில்லை. ஹிஜ்ரி 240இல் வஃபாத்தாகும் வரை அவ்வாறே இருந்தார்.

தாய்மார்களே, சகோதரிகளே! இந்த இமாமின் மகள் கதீஜாவும் கல்வியும் அறிவும் நிறைந்தவர். முக்கியமான விஷயங்களில் தந்தையே மகளிடம் ஆலோசனை கேட்பார் என்று காழி இயாழ் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். மகன் முஹம்மது பின் ஸஹ்னூன் (ரஹ்), பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களின் ஒழுக்கம் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளையையும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் ஆசிரியர் சமமாக நடத்த வேண்டும், கண்டிப்பதில் எல்லை மீறக்கூடாது என்பன போன்ற விதிகளை அதில் காணலாம். இன்றைக்கு 1100 ஆண்டுகளுக்கு முன், ஒரு மக்தப் மத்ரஸாவின் பிள்ளைகளுக்காக ஒரு பேரறிஞர் கவலைப்பட்டிருக்கிறார்!

அதே ஊரின் மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார் விலையுயர்ந்த மருந்து வாங்க இயலாத ஏழைகளுக்காகத் தனியே மருத்துவ நூல் எழுதினார். இப்னு அபீ ஸைத் (ரஹ்) அவர்களின் 'ரிஸாலா' பல நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்கா வரை பிள்ளைகளின் பாடநூலாக விளங்குகிறது. கைரவானிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த ஃபாத்திமா என்னும் பெண்மணிதான் ஹிஜ்ரி 245இல் ஃபாஸ் நகரில் கரவிய்யீன் பள்ளிவாசலை எழுப்பினார் என்று மரபு வழியாகக் கூறப்படுகிறது. ஹிஜ்ரி 410இல் (கி.பி. 1020) அரச குடும்பத்துச் செவிலித்தாயான மற்றொரு ஃபாத்திமா, தோலில் எழுதிய அழகிய குர்ஆன் பிரதியைக் கைரவான் பள்ளிவாசலுக்கு வக்ஃப் செய்தார். அதன் எழுத்துப் பணியை மேற்பார்வையிட்டவரும் துர்ரா என்னும் பெண் எழுத்தரே.

கிராமம் அழிந்தது, நகரம் வீழ்ந்தது

இவ்வளவு சிறப்புடைய ஊர் எப்படி வீழ்ந்தது? வெளியிலிருந்து வந்த மாற்றாரால் அல்ல. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் ஆட்சி செய்த ஸீரி வமிசத்து முயிஸ் பின் பாதீஸ், எகிப்தின் ஃபாத்திமிய ஆட்சியோடு உறவை முறித்து அப்பாஸிய கலீஃபாவை ஏற்றுக்கொண்டார். அதற்குப் பழி தீர்க்க ஃபாத்திமியர்கள் பனூ ஹிலால் என்னும் நாடோடி அரபுக் குலத்தவரை மேற்கே ஏவிவிட்டார்கள். கி.பி. 1052இல் ஹைதரான் போரில் ஸீரிப் படை தோற்றது. கிராமங்கள் கைவிடப்பட்டன. வாய்க்கால்கள் சிதைந்தன. தோப்புகள் கவனிப்பாரற்றுப் போயின. ஹிஜ்ரி 449இல் (கி.பி. 1057) முயிஸ் கடலோர மஹ்திய்யாவுக்கு வெளியேற, கைரவான் சூறையாடப்பட்டது. உலமாக்கள் பல திசைகளுக்கும் சிதறினார்கள்.

ஊருக்குள் பள்ளிவாசல் இடியவில்லை, மிஹ்ராப் கலையவில்லை. ஆனால் அந்த ஊருக்குச் சோறு போட்ட சமவெளியும், தண்ணீர் தந்த கால்வாயும் கெட்டபோது ஊர் தானாகவே சுருங்கிவிட்டது. முஸ்லிம்கள் இருவர் ஆட்சிக்காகச் சண்டையிட்டதில், அந்தச் சண்டையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குடியானவனின் கிணறு தூர்ந்தது. படிப்பினை பெறுவோர் இதை மறக்கலாகாது.

இன்றும் அந்தச் சோதனை முடிந்துவிடவில்லை. 1980களில் ஸரூத், மர்கலீல் ஆறுகளின் குறுக்கே அணைகள் கட்டப்பட்டன. ஆயினும் சமவெளியில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர்மட்டம் இறங்கியுள்ளது. தொடர் வறட்சியால் 2023 மார்ச் இறுதியில் துனீசிய அரசு இரவு நேரக் குடிநீர் விநியோகத்தை நிறுத்தவும், குடிநீரை விவசாயத்துக்குப் பயன்படுத்தத் தடை விதிக்கவும் நேர்ந்தது. யுனெஸ்கோ 1988இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அதே கைரவானில், 2023 டிசம்பரில் பழைய மதிலின் ஒரு பகுதி இடிந்து, அதைச் சீரமைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மூவர் உயிரிழந்தார்கள். முன்னோர் விட்டுச்சென்றதைப் பேணுவதும் ஓர் அமானிதமே என்பதை அந்த இடிபாடு நமக்குச் சொல்கிறது.

ஸியாரத் செல்வோர் கவனத்திற்கு

கைரவானுக்கு ஏழு முறை சென்றால் ஒரு ஹஜ்ஜுக்குச் சமம் என்று ஒரு பேச்சு மக்களிடையே வழங்கி வருகிறது. இதற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மக்காவின் ஹரம், மதீனாவின் மஸ்ஜிதுந் நபவி, பைத்துல் முகத்தஸ் ஆகிய மூன்று பள்ளிவாசல்களுக்கே நன்மையை நாடிச் சிறப்புப் பயணம் மேற்கொள்ள நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். அதேபோல், நபித்தோழர் அபூ ஸம்ஆ அல்பலவி (ரலி) அவர்கள் அடங்கியிருக்கும் இடத்தை 'நாவிதர் பள்ளிவாசல்' என்று சுற்றுலா வழிகாட்டிகள் அழைப்பதும் தவறு. அவர்கள் நபி (ஸல்) அவர்களின் திருமுடிகளைப் பேணிக் காத்தவர் என்று கூறப்படுவதிலிருந்து எழுந்த பிழையான பெயர் அது. அங்கே ஸலாம் கூறி, மரணத்தை நினைவுகூர்ந்து, அவர்களுக்காக துஆச் செய்து திரும்புவதே நபிவழி.

நமக்குரிய கேள்வி

அன்பானவர்களே! கைரவானுக்கு ஆறு இல்லை. ஆனால் வானத்திலிருந்து விழுந்த ஒரு துளியையும் வீணாக்கவில்லை. நமக்கு மழை அதைவிட மூன்று மடங்கு பெய்கிறது. நம் பள்ளிவாசல் மாடியில் விழும் மழைநீர் எங்கே செல்கிறது? நபி (ஸல்) அவர்கள் இரு கை நிறைய அள்ளும் அளவான ஒரு 'முத்து' நீரில் உளூச் செய்திருக்கிறார்கள். நாம் குழாயைத் திறந்துவிட்டு எத்தனை 'முத்து' நீரைக் கொட்டுகிறோம்? நம் மத்ரஸாவுக்கு வரும் ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே பாயில், ஒரே மரியாதையோடு அமர்கிறார்களா? நம் மகளின் கருத்தை ஒரு முக்கியமான விஷயத்தில் கடைசியாக எப்போது கேட்டோம்?

மனிதன் மரணித்ததும் நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகிய மூன்றைத் தவிர அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன என்பது நாம் அனைவரும் அறிந்த நபிமொழி. குளம் வெட்டிய மன்னரும், ஏர் பிடித்த இமாமும், குர்ஆனை வக்ஃப் செய்த செவிலித்தாயும் அந்த மூன்றில் தத்தமக்குரிய பங்கை விட்டுச் சென்றார்கள். இந்த வாரம் ஜும்ஆவுக்குச் செல்லும்போது உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து ஹவ்ழின் அருகே நிறுத்தி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் நமக்காக இதைக் கட்டினார்கள் என்று சொல்லிக்கொடுங்கள். பிறகு, நாம் யாருக்காக எதைக் கட்டப்போகிறோம் என்று குடும்பமாக அமர்ந்து பேசுங்கள்.

நமக்கு முன் சென்ற நல்லோர்களின் கப்ருகளை அல்லாஹ் ஒளியாக்குவானாக! நமக்கு அருளப்பட்ட நீரையும் கல்வியையும் அமானிதமாகப் பேணி, அடுத்த தலைமுறையிடம் தெளிந்த நிலையில் ஒப்படைக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.